பழுது பார்த்தபின் வலுக் குன்றும் இரு வீச்சு எஞ்சின்

பிஸ்டனும் வளையங்களும் புதியவை. சிலிண்டர் கடைந்து சீராக்கப்பட்டிருக்கிறது. கேஸ்கட்டுகள் யாவும் மாற்றப்பட்டிருக்கின்றன. இரண்டாவது உதையிலேயே எஞ்சின் கிளம்பி, நின்ற நிலையில் ஒழுங்காக ஓடுகிறது. ஆயினும் மண் மேட்டில் ஏற்றியவுடன் வண்டி திணறுகிறது. கைப்பிடியை முழுவதும் திருகினாலும் வேகம் ஏறுவதில்லை. பழுது பார்ப்பதற்கு முன்பிருந்த வலுவும் போய்விட்டதென்று உரிமையாளர் குறைகூறுகிறார். இரு வீச்சு எஞ்சின் பொருத்திய மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்க்கும் இடங்களில் அடிக்கடி எழும் முறையீடு இது.

கரடுமுரடான மண்பாதைகளில் ஓடுவதற்கென்றே அமைந்த இலேசான மோட்டார் சைக்கிளை டர்ட் பைக் என்பர். எடைக் குறைவும் விரைந்து எழும் வலுவும் அதற்கு இன்றியமையாதவை. ஆதலின் இரு வீச்சு எஞ்சின் அதற்கு நெடுங்காலமாகப் பொருந்தி வந்துள்ளது. நம் நாட்டில் 1960-களிலிருந்து வழங்கிய ஜாவா, ராஜ்தூத் வண்டிகளும், 1985 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்ட யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியும் இவ்வகை எஞ்சின் கொண்டவையே. இப்பழைய வண்டிகளை மாற்றியமைத்து மண்பாதையில் ஓட்டுவோரும் உளர். கீழே கூறப்படும் முறைகள் இவையனைத்துக்கும் பொருந்தும்.

வலுக் குறைவை வெறும் வேகக் குறைவாகக் கருதி விட்டுவிடலாகாது. வலுவைக் குறைக்கும் குற்றங்களிற் சில, புதிய பிஸ்டனையே அழிக்க வல்லவை. எங்கோ ஓரிடத்தில் காற்றுக் கசிந்தால் கலவையில் எரிபொருள் குறைகிறது, வெப்பம் மிகுகிறது, பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. தொழிலாளர் இதனைச் ‘சீஸ்’ ஆதல் என்பர். ஓட்டத்தில் இவ்வாறு நேர்ந்தால் பின்சக்கரம் திடீரென்று நின்றுவிடும், ஓட்டுபவர் தூக்கியெறியப்படலாம். ஆகவே, காரணத்தை அறியாமல் ‘ஓடஓடச் சரியாகிவிடும்’ என்று வண்டியைத் திருப்பிக் கொடுப்பது ஆபத்தானது.

எஞ்சின் இயங்கும் விதம்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டூகால்ட் கிளார்க் என்பவர் 1878-ல் இரு வீச்சு முறையில் இயங்கும் எஞ்சினை வகுத்தார். அதில் கலவையைச் செலுத்தத் தனியாக ஒரு பம்பு தேவைப்பட்டது. 1891-ல் ஜோசப் டே என்ற ஆங்கிலேயர் கிராங்க் அறையையே பம்பாகப் பயன்படுத்தும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய சிறு எஞ்சின்கள் இவ்வழியில் வந்தவை.

பிஸ்டன் மேலே செல்லும்போது அதன் கீழுள்ள கிராங்க் அறையில் அழுத்தம் குறைகிறது; கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல், எண்ணெய், காற்று ஆகியவை கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. அதே நேரத்தில் பிஸ்டனின் மேற்புறத்தில் முன்பு வந்த கலவை அமுக்கப்படுகிறது. மின்பொறியால் அது எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும்போது முதலில் புகைவாயில் திறக்கிறது. சிறிது பின்னர்க் கடத்துவாயில்கள் திறக்கின்றன. கிராங்க் அறையில் அமுங்கியிருந்த புதுக்கலவை அவற்றின் வழியே மேலே பாய்ந்து, எரிந்த வாயுவை வெளியே தள்ளுகிறது.

எனவே இவ்வெஞ்சினின் வலு மூன்று இடங்களைச் சார்ந்தது: பிஸ்டனுக்கு மேலுள்ள எரியறை, பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறை, புகைக்குழாய். நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் அறை சிறிது கசிந்தால் எண்ணெய் ஒழுகும்; அவ்வளவே. இரு வீச்சு எஞ்சினிலோ அக்கசிவு கலவையையே கெடுத்துவிடும். நான்கு வீச்சு எஞ்சினிற் பழகிய தொழிலாளர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுவதே பல தவறுகளுக்குக் காரணமாகும்.

முதலில் கேட்க வேண்டியவை

கருவியை எடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். பழுது பார்க்கும்போது எவ்வெவை கழற்றப்பட்டன? வலுக் குறைவு எந்நிலையில் தோன்றுகிறது? பழுதுக்கு முன் இல்லாத குற்றம் பின்னர்த் தோன்றினால், கை பட்ட இடங்களிலேயே அதனை முதலில் தேடுதல் பொருந்தும். கழற்றிய உறுப்புகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்வது நல்லது.

அடுத்து, குறை எஞ்சினில்தான் உள்ளதா என்பதை உறுதி செய்ய வேண்டும். எஞ்சினின் ஒலி உயர்ந்தும் வண்டி விரையவில்லையெனில் கிளட்ச் வழுக்குகிறது என்பது பொருள். எஞ்சினை இறக்கி ஏற்றும்போது கிளட்ச் கேபிளைத் தளர்வின்றி இறுக்கிவிட்டால் இவ்வாறு நேரும். உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்த கார் எண்ணெயைக் கியர்ப் பெட்டியில் ஊற்றுவதும் கிளட்ச்சை வழுக்கச் செய்யும். பின்சக்கரத்தைத் தூக்கி, கியர் இல்லாத நிலையில் கையால் சுழற்றினால், பிரேக் உராய்கிறதா, சங்கிலி மிக இறுக்கமாக உள்ளதா என்பன விளங்கும்.

செலவில்லாத சோதனைகள்

காற்று வடிகட்டியைக் கழற்றி, கைப்பிடியை முழுவதும் திருகி, கார்புரேட்டரின் ஸ்லைடு முழுமையாக மேலேறுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கேபிள் வழி தவறிச் சென்றிருந்தால் அது முக்காற்பங்கே திறக்கும். சோக் முழுவதும் மூடாமல் நிற்பதும் உண்டு. பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு கலத்தில் விட்டால் ஓட்டம் தடையின்றி வர வேண்டும். தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருந்தால், வண்டி சிறிது தூரம் நன்றாக ஓடிப் பின் வலுவிழக்கும். மூடியைத் திறந்தவுடன் குறை நீங்குவது இதற்குச் சான்று.

எண்ணெய்க் கலப்பையும் விசாரிக்க வேண்டும். புதிய பிஸ்டனுக்கு நலம் என்றெண்ணிப் பலர் எண்ணெயை இரு மடங்காகக் கலக்கின்றனர். 40-க்கு 1 என்ற அளவில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லிலிட்டர் எண்ணெய். 20-க்கு 1 எனில் 50 மில்லிலிட்டர். ஜெட்டின் துளை மாறுவதில்லை. ஆதலால் எண்ணெய் கூடினால், அதே துளை வழியே செல்லும் பெட்ரோல் ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு குறைகிறது. எண்ணெயைக் கூட்டினால் கலவையில் எரிபொருள் மிகும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. தயாரிப்பாளர் குறித்த அளவையே பின்பற்றுதல் வேண்டும்.

அமுக்கத்தை அளத்தல்

மின்பொறி பிளக்கைக் கழற்றி, அதன் உடலைச் சிலிண்டர் தலையோடு தொடும்படி வைத்து, பிளக் துளையில் அழுத்தமானியைப் பொருத்த வேண்டும். கைப்பிடியை முழுவதும் திறந்து, முள் மேலும் ஏறாது நிற்கும்வரை உதைக்க வேண்டும். கைப்பிடியை மூடி வைத்து அளப்பதால், நல்ல எஞ்சினும் குறைந்த அழுத்தமே காட்டும். கிடைத்த அளவைத் தயாரிப்பாளரின் அளவோடு ஒப்பிட வேண்டும். அழுத்தம் குறைவாயிருப்பின், சில துளி எண்ணெயைப் பிளக் துளை வழியே விட்டு மறுபடியும் அளக்கலாம். அழுத்தம் நன்கு உயர்ந்தால் குறை வளையங்களில் உள்ளது. உயராவிட்டால் தலைக் கேஸ்கட்டையும் சிலிண்டரின் உயரத்தையும் ஆராய வேண்டும்.

புதிய வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு படிந்து இசைவதற்குச் சில மணி நேர ஓட்டம் தேவை. அக்காலத்தில் முழுவேகம் தவிர்த்து மிதமாக ஓட்டினால் அழுத்தம் சிறிது உயரும். ஆனால் இது சிறு குறைவுக்கே பொருந்தும்; பெருங்குறைவு ஓட்டத்தால் நீங்காது.

பொருத்துவதில் நேரும் பிழைகள் சில. பிஸ்டனின் தலையிலுள்ள அம்புக்குறி புகைவாயிலை நோக்க வேண்டும். வளையத்தின் இரு முனைகளும் காடியிலுள்ள சிறு முளையின் இருபுறமும் அமைய வேண்டும். அம்முளைகள் வாயில்களின் மேல் படாதவாறு இடம் குறிக்கப்பட்டவை. பிஸ்டன் திரும்பிவிட்டால் வளைய முனை புகைவாயிலில் மாட்டி ஒடியும். வளையத்தின் குறியுள்ள முகம் மேல்நோக்க வேண்டும். வளையத்தைத் தனியே சிலிண்டருக்குள் இட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனைகளின் இடைவெளியை அளக்கலாம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் அது பொதுவாக 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

சிலிண்டரைக் கடைந்ததால் வலுப் போயிற்று என்று சிலர் கூறுவர். 50 மில்லிமீட்டர் விட்டம் 50.25 ஆனால் கொள்ளளவு ஒரு விழுக்காடே கூடுகிறது. கடைந்ததனால் மட்டும் வலு குறைய இயலாது. கடைசல் சாய்ந்திருத்தல், பிஸ்டனுக்கு விட்ட இடைவெளி மிகுதல் அல்லது குறைதல், வாயில்களின் கூர்விளிம்புகளை மழுக்காது விடுதல் ஆகியவையே தீங்கு செய்வன.

கேஸ்கட்டின் கனம்

சிலிண்டரின் அடியில் இடும் கேஸ்கட்டைக் கடையில் கிடைத்த தடித்த தாளில் வெட்டிப் போடுவது வழக்கமாக உள்ளது. இச்சிறு செயலின் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது மாணவர்க்குப் பயன்தரும். விட்டம் 50 மில்லிமீட்டர், வீச்சு 50 மில்லிமீட்டர் எனில் பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு ஏறத்தாழ 98 கன சென்டிமீட்டர். மேல் எல்லையில் எஞ்சும் இடம் 14 கன சென்டிமீட்டர் என்று கொள்வோமாயின், அமுக்க விகிதம் 112-ஐ 14-ஆல் வகுக்க வரும் 8 ஆகும். கேஸ்கட்டு அரை மில்லிமீட்டர் தடித்தால் எஞ்சும் இடம் ஒரு கன சென்டிமீட்டர் கூடி 15 ஆகிறது. விகிதம் ஏறத்தாழ ஏழரையாகக் குறைகிறது.

இதனோடு நில்லாமல், சிலிண்டர் உயர்ந்ததால் அதன் வாயில்களும் உயர்கின்றன. புகைவாயில் முன்னதாகவே திறக்கிறது. எரியும் வாயு பிஸ்டனைத் தள்ளும் தூரம் குறைகிறது. தாழ்ந்த வேகத்தில் இழுவை மங்குகிறது. கேஸ்கட்டு மெலிந்தாலோ, தலையை மிகுதியாகத் தேய்த்திருந்தாலோ இதற்கு மாறான ஆபத்து நேரும். கலவை தானாகவே வெடித்துத் தட்டும் ஒலி எழும், அன்றிப் பிஸ்டன் தலையில் இடிக்கும். மெல்லிய ஈயப்பற்றுக் கம்பியைப் பிளக் துளை வழியே சிலிண்டரின் ஓரம்வரை நுழைத்து, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய பகுதியின் கனத்தை அளந்தால் இடைவெளி தெரியும். அதனைத் தயாரிப்பாளரின் அளவோடு ஒப்பிட்டுக் கேஸ்கட்டைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

காற்றுக் கசிவு

கசிவு ஏற்படும் இடங்கள் பல: கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழல், ரீட் வால்வின் கேஸ்கட்டு, சிலிண்டரின் அடி, கிராங்க் அறையின் இரு பாதிகள் சேரும் இடம், கிராங்க் தண்டின் இருபுறமுள்ள ஆயில் சீல்கள். மேக்னெட்டோ பக்கத்துச் சீல் கசிந்தால் வெறுங்காற்று உள்ளே புகும். கைப்பிடியை விட்டபின்னும் எஞ்சினின் வேகம் உடனே தணியாமல் நிற்பது இதன் தெளிவான அடையாளம். கிளட்ச் பக்கத்துச் சீல் கசிந்தால் கியர்ப் பெட்டியின் எண்ணெய் உள்ளே இழுக்கப்படும். அடர்ந்த வெண்புகை எழும். பிளக் எண்ணெயில் நனையும். கியர் எண்ணெயின் மட்டம் நாளுக்கு நாள் குறையும்.

கசிவை அறிய ஓடும் எஞ்சினின் மேல் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பவர் உண்டு. அது தீ விபத்துக்கு இடமளிக்கும், எக்காரணத்தாலும் செய்தலாகாது. பாதுகாப்பான முறை வேறு உண்டு. புகைவாயிலையும் கார்புரேட்டர் பொருந்தும் குழலையும் ரப்பர் அடைப்பான்களால் மூட வேண்டும். பிஸ்டனைக் கீழ் எல்லைக்குக் கொண்டுவந்தால் வாயில்கள் திறந்து, மேலறையும் கீழறையும் ஒன்றாகிவிடும். பின்னர்ச் சைக்கிள் பம்பினால் சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.4 கிலோகிராம் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியைக் கவனிக்க வேண்டும். நல்ல எஞ்சின் சில நிமிடங்கள் அழுத்தத்தைத் தாங்கும். முள் விரைவாக இறங்கினால் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவ வேண்டும். கசியுமிடத்தில் குமிழி தோன்றும். தொழிற்சாலைக் காற்றுக் குழாயின் மிகுந்த அழுத்தத்தை இதற்குப் பயன்படுத்தினால் சீல்கள் பிதுங்கிவிடும்.

சில சீல்கள் அழுத்தத்தைத் தாங்கியும் உறிஞ்சலுக்கு இடங்கொடுத்துவிடும். ஆகவே கைப்பம்பால் காற்றை உறிஞ்சி எடுத்தும் சோதித்தல் சிறப்பு. பிஸ்டன் இறுகிப் பழுதுக்கு வந்த எஞ்சினுக்கு இச்சோதனை இன்றியமையாதது. முதற்பிஸ்டனைக் கெடுத்த கசிவு திருத்தப்படாதிருப்பின் இரண்டாம் பிஸ்டனும் அதே கதியை அடையும்.

மின்பொறியின் நேரம்

மேக்னெட்டோவின் அடித்தட்டை அதன் பழைய குறிக்கு நேராகப் பொருத்தாவிட்டால் மின்பொறி முந்தியோ பிந்தியோ எழும். சுழலும் சக்கரத்தைக் கிராங்க் தண்டோடு பிணைக்கும் சிறு ஆப்பு வெட்டுண்டிருந்தாலும் இவ்வாறே. பொறி பிந்தினால் எஞ்சின் எளிதாகக் கிளம்பும். ஆனால் வலுவின்றிச் சூடாகும். புகைக்குழாய் மிக வெப்பமடையும். மிக முந்தினால் தட்டும் ஒலி எழும். பிஸ்டனின் தலை உருகவும் கூடும்.

நேரத்தைப் பாகையிலோ, மேல் எல்லைக்கு முன் பிஸ்டன் நிற்கும் தூரத்திலோ குறிப்பர். 50 மில்லிமீட்டர் வீச்சும் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள இணைப்புத் தண்டும் கொண்ட எஞ்சினில் 20 பாகை என்பது 1.87 மில்லிமீட்டர், 15 பாகை என்பது 1.06 மில்லிமீட்டர். ஐந்து பாகைப் பிழையும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே கம்பியை நுழைத்துக் கண்மதிப்பாகப் பார்ப்பது போதாது. பிளக் துளையில் டயல் மானியைப் பொருத்தியே அளக்க வேண்டும்.

கார்புரேட்டர்

கைப்பிடி திறந்துள்ள அளவுக்கேற்பக் கார்புரேட்டரின் வெவ்வேறு உறுப்புகள் செயற்படுகின்றன. கால்பங்குக்குக் கீழ் சிறு ஜெட்டும் ஸ்லைடின் சரிவும், நடுநிலையில் ஊசியும், முக்காலுக்கு மேல் பெரு ஜெட்டும் ஆட்சி செய்கின்றன. வலு எந்நிலையில் குறைகிறதோ அதற்குரிய உறுப்பையே ஆராய வேண்டும். சுத்தம் செய்தபின் ஊசியின் பற்று ஒரு காடி மாறி அமர்தல், ஸ்லைடு முன்பின்னாக நுழைதல், மிதவையின் உயரம் மாறுதல் ஆகியவை அடிக்கடி நிகழ்வன.

முழுத்திறப்பில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்ச்சை அழுத்தி எஞ்சினை உடனே நிறுத்திப் பிளக்கைப் பார்த்தால் கலவையின் நிலை ஓரளவு விளங்கும். இளம்பழுப்பு நிறம் நன்று. கரிபடிந்த ஈரம் எரிபொருள் மிகுதியைக் காட்டும். வெளிறிய வெண்மை எரிபொருள் குறைவைக் காட்டும். காற்றுக் கசிவில்லை என்று உறுதி செய்தபின்னரே இச்சோதனையைச் செய்ய வேண்டும். வெளுத்த பிளக்கைக் கண்டு பெரிய ஜெட்டைப் போடுவது, கசியும் பானையில் மேலும் நீர் ஊற்றுவதை ஒக்கும்.

இடத்தின் உயரத்தையும் மறத்தல் கூடாது. கடல் மட்டத்தோடு ஒப்பிடின் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 76 விழுக்காடு. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் 65 விழுக்காடு. சமவெளியில் சரிசெய்த வண்டி அங்கே வலுக் குன்றுவது இயற்கை. அழுத்தமானியும் அங்குக் குறைத்தே காட்டும். மலைக்கேற்பச் சிறிய ஜெட்டு இட்ட வண்டியை மாற்றாமல் சமவெளியில் ஓட்டினால் எரிபொருள் குறைந்து பிஸ்டன் இறுகும்.

புகைக்குழாய்

இரு வீச்சு எஞ்சினின் புகைக்குழாய் வெறும் ஒலியடக்கி அன்று. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் வால்டர் காடன் 1950-களில் விரிந்து குவியும் குழாயைச் செம்மைப்படுத்தினார். 1961-ல் அவருடைய 125 கன சென்டிமீட்டர்ப் பந்தய எஞ்சின் ஏறத்தாழ 25 குதிரைத்திறன் தந்தது. குழாயின் விரியும் பகுதியிலிருந்து திரும்பும் குறையழுத்த அலை எரிந்த வாயுவை வெளியே இழுக்கிறது. குவியும் பகுதியிலிருந்து திரும்பும் மிகையழுத்த அலை, தப்பிச் செல்லும் புதுக்கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது.

நிமிடத்துக்கு 9,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் 150-ல் ஒரு பங்கு. புகைவாயில் 190 பாகை திறந்திருப்பின், அந்நேரம் ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்றரை விநாடி. சூடான வாயுவில் அலையின் வேகம் விநாடிக்கு 500 மீட்டர் எனக் கொண்டால் அது ஒன்றே முக்கால் மீட்டர் செல்லும். போய் மீள்வதற்கு 90 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரம். குழாயின் நீளமும் வடிவும் இக்கணக்கின்படியே அமைகின்றன. ஆதலின் குழாயில் ஆழ்ந்த நசுக்கல், கரியடைப்பு, இணைப்பில் கேஸ்கட்டு இல்லாமை ஆகியவை வலுவைக் குறைக்கும். எஞ்சினை இறக்கியிருந்தபோது புகைவாயிலில் அடைத்த துணியை எடுக்க மறப்பதும் உண்டு.

புகைவாயிலின் உயரத்தை வேகத்துக்கேற்ப மாற்றும் பவர் வால்வு பல பிற்கால வண்டிகளில் உள்ளது. அதன் இணைப்புத் தண்டை மறுபடி மாட்டாமல் விட்டால், அல்லது கரியால் அது மூடியே நின்றுவிட்டால், தாழ்ந்த வேகத்தில் இழுவை நன்றாயிருந்து உயர்வேகத்தில் வலு வராது. திறந்தே நின்றுவிட்டால் இதற்கு மாறாக நிகழும்.

சோதனையின் வரிசை

எளியவற்றிலிருந்து கடினமானவற்றுக்குச் செல்வதே சிறந்த வரிசை: கிளட்ச், பிரேக், சங்கிலி, கேபிள், பெட்ரோல் ஓட்டம், எண்ணெய்க் கலப்பு, அமுக்கம், காற்றுக் கசிவு, மின்பொறி நேரம், புகைக்குழாயும் பவர் வால்வும், இறுதியில் கார்புரேட்டரின் ஜெட்டுகள். ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்து, ஓட்டிப் பார்த்து, முடிவைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் குறை நீங்கினும் அதன் காரணம் விளங்காது. எஞ்சினை ஓட்டும் சோதனைகளைத் திறந்த வெளியிலேயே செய்ய வேண்டும். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

தொழிற்பயிற்சி ஆசிரியர்க்கு இப்பொருள் நல்லதொரு பாடமாகும். பழைய சிலிண்டர் ஒன்றும், சைக்கிள் பம்பும், அழுத்தமானியும், சோப்பு நீரும் இருந்தால் வகுப்பிலேயே கசிவுச் சோதனையைச் செய்து காட்டலாம். களப்பணியாளர் ஒவ்வொரு எஞ்சினையும் பிரிப்பதற்கு முன்பே அமுக்க அளவு, கேஸ்கட்டின் கனம், மின்பொறிக் குறி, ஊசியின் காடி ஆகிய நான்கையும் எழுதி வைத்தால், பழுதுக்குப்பின் எழும் ஐயங்களிற் பெரும்பாலானவை எழமாட்டா. எழுந்தாலும், எதனோடு ஒப்பிடுவது என்று திகைக்க நேராது.